அதிவேகப் பாதை நம் தண்டவாளங்களோடு சேரட்டும்: ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ரயில்வே அமைச்சர் அவர்களுக்கும், ரயில்வே வாரியத்தாருக்கும், தேசிய அதிவேக ரயில் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

2026 பிப்ரவரி பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் வழித்தடங்களை அறிவித்தீர்கள். மும்பை–புனே, புனே–ஹைதராபாத், ஹைதராபாத்–பெங்களூரு, ஹைதராபாத்–சென்னை, சென்னை–பெங்களூரு, டெல்லி–வாரணாசி, வாரணாசி–சிலிகுரி. எல்லாம் சேர்ந்து சுமார் 4,000 கிலோமீட்டர், சுமார் 16 லட்சம் கோடி ரூபாய் என்றீர்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு 73 நிமிடம் என்றும் சொன்னீர்கள்.

வேகம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வேகம் வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டே சென்னைக்கு வந்து, காலையில் நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை அந்த வண்டிகளில் போய் வரும் எவரும் அறிவார்கள். அந்த வேகம் யாருக்குக் கிடைக்கும், எத்தனை ஊருக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கவலை. அதை முடிவு செய்யப்போவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நீங்கள் விடப்போகும் இடைவெளி.

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். நம் நாட்டு ரயில்கள் ஓடும் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஏற முடியாது. ஏழு புதிய வழித்தடங்களும் அந்த 1,435ஐயே பின்பற்றப் போவதாகத்தான் தெரிகிறது. அப்படிச் செய்தால் நாட்டில் ஒன்றோடொன்று சேராத இரண்டு ரயில்வேக்கள் இருக்கும். என் கோரிக்கை இதுதான்: புதிய பாதைகளை அகலப்பாதையிலேயே போடுங்கள். மணிக்கு 250 கி.மீ. வேகத்துக்குப் போடுங்கள். வழியிலுள்ள பெரிய சந்திப்புகளில் பழைய பாதையிலிருந்து வண்டிகள் புதிய பாதைக்கு ஏறவும் இறங்கவும் இணைப்பு வையுங்கள்.

சென்னை–பெங்களூரு தடத்தை எடுத்துக்கொள்வோம். இன்று சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் அரக்கோணம், காட்பாடி தாண்டி ஜோலார்பேட்டைக்கு வருகின்றன. அங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு, இன்னொன்று சேலம், ஈரோடு, கோவை வழியாகக் கேரளத்துக்கு. சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே சுமார் 214 கி.மீ. நாட்டின் மிக நெரிசலான பாதைகளில் ஒன்று அது. அதில் ஓடும் விரைவு வண்டிகளில் பெங்களூரோடு நின்றுவிடுபவை ஒரு பங்குதான். சேரனும் நீலகிரியும் கோவை எக்ஸ்பிரஸும், திருவனந்தபுரம், ஆலப்புழா, மங்களூரு வண்டிகளும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன.

தனித்த 1,435 பாதை போட்டால் பெங்களூர்ப் பயணிகளில் ஒரு பகுதியினர் அதற்கு மாறுவார்கள். மற்ற வண்டிகள் அத்தனையும் பழைய பாதையிலேயே கிடக்கும். கோவைக்காரருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. சேலத்துக்காரருக்கும் அப்படியே. அகலப்பாதையில் போட்டு ஜோலார்பேட்டையில் இணைத்தால் என்ன ஆகும்? கோவைக்குப் போகும் 250 கி.மீ. வேக வண்டி முதல் 200 சொச்சம் கிலோமீட்டரைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கடந்து, ஜோலார்பேட்டையில் பழைய பாதைக்கு இறங்கி, சேலம் வழியாகப் போகும். இன்று வந்தே பாரத்தில் சுமார் ஐந்தே முக்கால் மணி நேரம் எடுக்கும் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும். ஜோலார்பேட்டைக்கு மேற்கே ஒரு முழம் புதிய தண்டவாளம்கூடப் போடாமல் கிடைக்கும் பலன் இது. அதே பலன் பாலக்காட்டுக்கும் எர்ணாகுளத்துக்கும் மங்களூருக்கும் போய்ச் சேரும்.

முன்பு வெளியான சென்னை–மைசூரு அதிவேகப் பாதை வரைபடம் பூந்தமல்லிக்குப் பிறகு சித்தூர், கோலார் வழியாகப் போகிறது. வேலூர் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி இல்லை. ஓசூர் இல்லை. தோல் தொழிலும் காலணித் தொழிலும் நடக்கும் ஊர்கள், மருத்துவத்துக்காக வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்கும் ஊர், எல்லாவற்றையும் வரைபடத்தில் நேர்கோடு விழவேண்டும் என்பதற்காக ஒதுக்கிவிட்டுப் போகிறோம். மணிக்கு 350 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்தால் வளைவின் ஆரம் ஆறு கிலோமீட்டர் அளவுக்கு வேண்டியிருக்கிறது. கோடு வளைய மறுப்பது அதனால்தான். 1964இல் திறந்த டோக்கியோ–ஒசாகா பாதையின் வளைவுகள் 2,500 மீட்டர் ஆரத்தில் போடப்பட்டவை. இன்றும் அதில் வண்டிகள் மணிக்கு 285 கி.மீ. வரை ஓடுகின்றன. கொஞ்சம் வளைந்து கொடுத்தால் ஊர்களைத் தொடலாம். நெடுஞ்சாலையை ஒட்டிப் போகலாம். நஞ்சையையும் ஏரிகளையும் குறுக்கே வெட்டாமல் தவிர்க்கலாம்.

வேகத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். சுமார் 300 கி.மீ. தூரத்தை 73 நிமிடத்தில் கடக்க வேண்டுமானால் சராசரியே மணிக்கு 250 கி.மீ. வேண்டும். அதற்கு உச்ச வேகம் 320. உச்சம் 250 என்றும் சராசரி 200 என்றும் வைத்தால் பயணம் 90 நிமிடம். இன்றைக்கு வந்தே பாரத்திலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நான்கு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைவதுதான் பெரிய மாற்றம். அதற்குமேல் மிச்சமாகும் 17 நிமிடத்துக்காகச் சேலம், கோவை, வேலூர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 250இலிருந்து 320க்குப் போனால் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் செலவாகும். அந்தச் செலவும் டிக்கெட் விலையில்தான் வந்து விழும்.

அகலப்பாதையில் அவ்வளவு வேகம் முடியாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியல்ல. மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே சாப்சான் ரயில் 2009 டிசம்பரிலிருந்து மணிக்கு 250 கி.மீ. வரை ஓடுகிறது. ரஷ்யாவின் 1,520 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கென்று ஜெர்மனியின் சீமென்ஸ் செய்துகொடுத்த வண்டி அது. உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு ஸ்பெயினின் டால்கோ வண்டி அதே அகலத்தில் 250 தொடுகிறது. அந்த நாட்டுக்கு முடிந்தது நமக்கு முடியாதா? நம் நாட்டிலேயே 2016இல் மதுரா–பல்வல் இடையே பழைய அகலப்பாதையில் டால்கோ வண்டியை 180 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தீர்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 280 கி.மீ. வடிவமைப்பு வேகத்தில் இரண்டு வண்டிகள் செய்யும் பொறுப்பை 2024இல் பி.இ.எம்.எல். என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. புல்லட் ரயில் பாதைக்கு அதைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு, அகலப்பாதைச் சக்கரத்தில் செய்யவும் தெரியும்.

ஜப்பான் தனிப்பாதை போட்டதற்கு ஜப்பானுக்கே உரிய காரணம் உண்டு. அவர்களுடைய பழைய பாதை 1,067 மில்லிமீட்டர் குறுகிய பாதை. அதில் அந்த வேகத்துக்கு வழியில்லை. நம் பழைய பாதையோ அவர்கள் புதிதாகப் போட்டதைவிட அகலமானது. அவர்களுக்கு இருந்த கட்டாயம் நமக்கு இல்லை. இரண்டு அகலங்கள் இருப்பதால் அவர்கள் இன்றுவரை படும் பாடு தனிக்கதை. 2022 செப்டம்பரில் நாகசாகிக்கு 66 கி.மீ. அதிவேகப் பாதை திறந்தார்கள். அது மற்ற அதிவேகப் பாதைகளோடு சேரவில்லை. ஃபுகுவோகாவின் ஹகாட்டாவிலிருந்து வருகிறவர்கள் தகேயோ-ஒன்சென் நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். இரண்டு அகலத்திலும் ஓடும்படி சக்கரம் மாறும் வண்டியைச் செய்ய வெகுகாலம் முயன்று, அந்தத் தடத்துக்குச் சரிவராது என்று கைவிட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இந்தோனேசியா. ஜகார்த்தா–பாண்டுங் அதிவேக ரயில் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. 142 கி.மீ., சுமார் 700 கோடி டாலர். பழைய பாதை 1,067, புதியது 1,435. அதனால் புதிய வண்டி பழைய நிலையங்களுக்குள் வர முடியவில்லை. ஜகார்த்தா பக்கம் ஹாலிமில் தொடங்குகிறது, பாண்டுங் பக்கம் ஊருக்கு வெளியே தெகால்லுவாரில் முடிகிறது. பாண்டுங் நகருக்குள் போக வேண்டுமானால் பாடலாராங்கில் இறங்கி இணைப்பு ரயில் பிடிக்க வேண்டும். வண்டி அற்புதமாகத்தான் ஓடுகிறது. கடன் சுமை அந்த நாட்டு அரசு ரயில்வேயின் கழுத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது.

நம் மும்பை–அகமதாபாத் பாதையில் சூரத்திலும் அதுதான் நடக்கிறது. அதிவேக நிலையம் ஊரின் பழைய ரயில் நிலையத்தில் இல்லை, அந்த்ரோலியில் இருக்கிறது. வதோதராவிலும் அகமதாபாத்திலும் பழைய நிலையத்தோடு சேர்த்துக் கட்டுகிறீர்கள், அது நல்ல காரியம். ஆனால் அங்கேயும் பயணிதான் மாடி ஏறி வண்டி மாறவேண்டும், வண்டி பாதை மாறாது.

பிரான்ஸ் செய்ததைப் பாருங்கள். 1981இல் பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையின் தெற்குப் பகுதி மட்டும்தான் தயாராகியிருந்தது. வடக்குப் பகுதி முடிய 1983 ஆனது. காத்திருந்தார்களா? பாரிஸிலிருந்து பழைய பாதையில் ஓட்டி, செயின்ட்-ஃப்ளோரன்டினில் புதிய பாதைக்கு ஏற்றி, முதல் நாளிலிருந்தே பயணிகளுக்கு நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். லியோன் தாண்டி மார்செய்க்கும் ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்கும் அதே வண்டிகள் பழைய தண்டவாளத்தில் போயின. அதிவேகப் பாதை போடாத ஊருக்கும் அதிவேகத்தின் பலன் போனது. இரண்டும் ஒரே அகலம் என்பதால்தான் இது முடிந்தது. இன்று உலகிலேயே பெரிய அதிவேக வலைப்பின்னலை வைத்திருக்கும் சீனாவிலும் புதிய பாதையும் பழைய பாதையும் ஒரே அகலம்தான்.

அதற்கு எதிராக நம் மும்பை–அகமதாபாத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல். 508 கி.மீ., முதல் மதிப்பீடு 1.08 லட்சம் கோடி. 2023க்குள் முடியும் என்றார்கள். இப்போது 2027இல் சூரத் பக்கம் ஒரு துண்டு முதலில் ஓடும் என்கிறீர்கள். அந்தத் துண்டில் ஓடும் வண்டி மும்பைக்குப் போகாது, அகமதாபாத்துக்கும் போகாது. தனித்த பாதையில் கடைசி மண்வெட்டு விழும்வரை முதலீடு முடங்கிக் கிடக்கும். அகலப்பாதையில் 60 கி.மீ. முடிந்தால் அந்த 60 கி.மீ. மறுநாளே வேலை செய்யும். நிலம் எடுப்பதில் எங்காவது வழக்கு நின்றால் அந்த இடத்தில் மட்டும் பழைய பாதையில் ஓட்டிக்கொள்ளலாம். நம் நாட்டில் நிலம் எடுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை முடியுங்கள். ஜப்பான் 81 விழுக்காடு கடன் தந்தது, 0.1 விழுக்காடு வட்டி, 50 ஆண்டுத் தவணை, அதனோடு அவர்கள் தொழில்நுட்பமும் வந்தது. அந்தப் பேரத்தின் நிபந்தனை அடுத்த 4,000 கிலோமீட்டரைக் கட்டுப்படுத்தக் கூடாது.

அகலம் மாறும் இடங்களில் நிற்பது என்ன என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். எழும்பூர் மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதையாகவும் சென்ட்ரல் அகலப்பாதையாகவும் இருந்த காலத்தில் டெல்லியிலிருந்து மதுரைக்கு ஒரே வண்டியில் வர முடியாது. மூட்டை முடிச்சோடு ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். சரக்கையும் ஒரு பெட்டியிலிருந்து இறக்கி இன்னொரு பெட்டியில் ஏற்ற வேண்டும். 1992இல் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்தபோது, அதற்காக எங்கள் ஊர்கள் கொடுத்த விலை பெரிது. மதுரை–போடி 90 கி.மீ. பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதம்தான் ரயில் வந்தது, போடிக்கு 2023 ஜூனில். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் அது. திருவாரூர்–காரைக்குடி, விழுப்புரம்–மயிலாடுதுறை, செங்கோட்டை–புனலூர் என்று ஒவ்வொரு பாதையும் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. மக்கள் பொறுத்தார்கள். நாடு முழுக்க ஒரே பாதையாகிவிடும் என்று பொறுத்தார்கள். ஆகவும் செய்தது. இன்று கன்னியாகுமரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதுரை, திருச்சி, எழும்பூர் வழியாக டெல்லி நிஜாமுதீன்வரை இறங்க வேண்டியதில்லை. அவ்வளவு பாடுபட்டு ஒன்றாக்கியதை 16 லட்சம் கோடி செலவழித்து மறுபடி இரண்டாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்களே இதைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். கேரளம் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடுக்கு 530 கி.மீ. சில்வர்லைன் திட்டத்தை 1,435 அகலத்தில் கொண்டுவந்தபோது, அகலப்பாதையாக மாற்றுங்கள், இருக்கும் பாதைகளோடு இணையும்படி செய்யுங்கள் என்று கேட்டது உங்கள் அமைச்சகம். கேரளத்துக்குச் சொன்ன அந்த நியாயம் சென்னை–பெங்களூருக்கும் பொருந்தாதா?

மறுப்பும் உண்டு. பழைய பாதையோடு சேர்த்தால் அதன் தாமதமும் புதிய பாதைக்குள் வந்துவிடும் என்பது அதில் வலுவானது. ஜெர்மனி இதற்குச் சாட்சி. நெரிசலான பழைய பாதைகளில் ஓடி வரும் அவர்களுடைய ஐ.சி.இ. அதிவேக வண்டிகள் நேரம் தவறுவது அந்த நாட்டிலேயே பெரிய புகார். ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் நொடி பிசகாமல் ஓடுவதற்கும், தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட உயிரிழக்காமல் அறுபது ஆண்டுகளைக் கடந்ததற்கும் தனிப்பாதை ஒரு முக்கியக் காரணம். பாதுகாப்பில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. புதிய பாதைக்கு முழு வேலி வேண்டும், ஒரு லெவல் கிராசிங்கும் கூடாது, தானியங்கிப் பாதுகாப்பு வேண்டும். அதற்குத் தகுதியான, வந்தே பாரத் போன்ற மின் வண்டித் தொடர்கள் மட்டுமே ஏறலாம், சரக்கு வண்டியும் இன்ஜின் இழுக்கும் வண்டியும் பழைய பாதையிலேயே போகட்டும். நேரம் தவறி வரும் வண்டி சந்திப்பில் காத்திருக்கட்டும், புதிய பாதையில் ஓடும் வண்டியைத் தடுக்க வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் சில நிமிடத் தாமதம் வரும்தான். கோடிக்கணக்கானவர்களை வெளியே நிறுத்துவதைவிட அந்தச் சில நிமிடம் பரவாயில்லை என்பது என் தீர்ப்பு. (மெட்ரோ 1,435இல்தானே ஓடுகிறது என்பவர்களுக்கு: மெட்ரோ ஊருக்குள் தொடங்கி ஊருக்குள் முடிகிறது. அது வேறு வேலை.)

இந்தக் கண்ணோட்டத்தோடு ஏழு வழித்தடங்களையும் மறுபடி பார்த்தால் அவை வேறு உருவம் எடுக்கின்றன. மும்பை–புனே இடையே கர்ஜத்–லோனாவாலா மலைப்பகுதி 37க்கு 1 என்ற ஏற்றம், அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். இன்றும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளத் துணை இன்ஜின் மாட்டுகிறார்கள். அங்கே அகலப்பாதையில் சுரங்கம் தோண்டினால் புனேக்காரர்கள் மட்டுமல்ல, மும்பையிலிருந்து சோலாப்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சென்னை வரும் தகுதியான மின் வண்டித் தொடர்களும் அந்த மலையை நிமிடங்களில் தாண்டும். டெல்லி–வாரணாசி பாதையில் பாட்னா வண்டி ஏறும். சிலிகுரிவரை போடுவது குவாஹாட்டிக்கும் பயன்படும். சென்னை–ஹைதராபாத் பாதை கூடூரிலும் விஜயவாடாவிலும் இணைந்தால் திருப்பதிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வேகம் கிடைக்கும்.

அப்புறம் தெற்கு. அறிவித்த ஏழில் ஒன்றுகூடச் சென்னை–பெங்களூரு கோட்டுக்குத் தெற்கே வரவில்லை. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி எதுவும் இல்லை. எழும்பூரிலிருந்து மதுரைக்குச் சுமார் 500 கி.மீ. சென்னை–விழுப்புரம்–திருச்சி இடையே அகலப்பாதையில் புதிய அதிவேகப் பாதை ஒன்று போட்டால், திருச்சியில் பிரிந்து தஞ்சை, புதுக்கோட்டை, ராமேஸ்வரம், மதுரை, நெல்லை எல்லாப் பக்கமும் வண்டிகள் போகும். வைகையும் பாண்டியனும் நெல்லையும் பொதிகையும் ஓடும் கார்டு லைன் என்ற விழுப்புரம்–திருச்சி நேர்வழிப் பாதை அப்போது மூச்சு விடும். காலியாகும் நேரங்களில் கூடுதலாக முன்பதிவில்லா வண்டிகள் விடலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கழிவறை வாசலில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவர்கள் அதிவேக ரயிலில் ஏறப்போவதில்லை. அவர்களுக்குப் பழைய பாதையில் இடம் உண்டாக்குவதுதான் புதிய பாதையின் பாதிப் பயன்.

வந்தே பாரத் வண்டிகள் 160 கி.மீ. ஓடத் தகுதியுள்ளவை. தகவல் உரிமைச் சட்டத்தில் ரயில்வே தந்த பதிலின்படி 2023-24இல் அவற்றின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 76 கி.மீ. வண்டி தயார், பாதைதான் இல்லை. இன்றைக்கே கையில் இருக்கும் அந்த வண்டிகளுக்குப் புதிய அகலப்பாதை கிடைத்தால் திறந்த அன்றே 160இல் ஓடும். 250 ஓடும் வண்டிகள் வரவர வேகம் கூடும்.

ஆகவே நான் கேட்பது: சென்னை–பெங்களூரு, சென்னை–ஹைதராபாத் வழித்தடங்களின் விரிவான திட்ட அறிக்கைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். நிலம் எடுக்க நோட்டீஸ் கொடுக்கும் முன், அகலப்பாதை – 250 கி.மீ. மாற்றுத் திட்டத்துக்கும் அதே அளவு விரிவான அறிக்கை தயாரியுங்கள். இரண்டையும் செலவு, நேரம் மட்டுமல்லாமல் எத்தனை ஊருக்குப் பயண நேரம் குறைகிறது என்ற கணக்கிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜோலார்பேட்டை இணைப்பையும் கூடூர் இணைப்பையும் அந்த ஆய்வில் சேருங்கள். சென்னை–திருச்சி–மதுரையை எட்டாவது வழித்தடமாக ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதன் பிரதியை அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தொடரில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏழு வழித்தடங்களுக்கும் பாதை அகலத்தை யார், எந்த ஆய்வின் அடிப்படையில், எந்த நாளில் முடிவு செய்தார்கள்? எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தென்மாவட்ட ரயில் பயணி ஒருவர்